சேசிஸ்காரரும் பாடிக்காரரும்

தை பிறந்து, சம்பாவும் தாளடியும் முற்றித் தலைசாய்க்கும் நாட்களில், கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை வழியாக மயிலாடுதுறைக்குச் செல்லும் சாலையில் சற்று நேரம் நின்றால், சேலம், நாமக்கல், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்து பெல்ட் மிஷின் என்னும் நெல் அறுவடை இயந்திரங்களைச் சுமந்துகொண்டு வரும் லாரிகளைக் காணலாம். அவை வெறும் சுமை வண்டிகள் அல்ல. பின்புறத்தில் மிஷின் ஏறி இறங்க இரும்பு ரேம்ப், கேபினில் படுக்கை, பக்கவாட்டில் டீசல் கேனும் ஸ்பேனர்ப் பெட்டியும், ஒரு மூலையில் கேஸ் அடுப்பும் அரிசி மூட்டையும் என்று, அறுவடை முடியும்வரை மூன்று நான்கு பேர் அதிலேயே உண்டு உறங்கித் தொழில் நடத்துவதற்கேற்ற சஞ்சார கிருகமாகவே அந்த லாரி அமைந்திருக்கும். வெளியூர் மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் சலித்த நம் வட்டாரத்து இளைஞர்கள், தாங்களே ஒரு பெல்ட் மிஷினும் அதைச் சுமக்க ஒரு லாரியும் வாங்கிவிடுவது என்று துணிவது இயல்பே. ஆனால் நிலத்தையும் நகையையும் ஈடு வைத்துப் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு வஸ்துவின் தரத்தை எதைக் கொண்டு அறிவது, அது பழுதுபட்டால் யாரைக் கேட்பது என்ற விஷயத்தில், ஒரு ஜதை உழவு மாடு வாங்கும்போது நம் பாட்டன்மார் காட்டிய ஜாக்கிரதையில் பாதியைக்கூட நாம் காட்டுவதில்லை.

அமெரிக்காவில் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு வண்டி உண்டு. டாய் ஹாலர் என்று அதற்குப் பெயர். முன்பாதி வீடு, பின்பாதி கொட்டகை. பின்சுவரே கீழே இறங்கி ரேம்ப் ஆகிவிடும். மோட்டார் சைக்கிளையோ மணல்மேட்டில் ஓட்டும் நாற்சக்கர வண்டியையோ அதில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்படுவார்கள். இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரம் இத்தகைய வண்டி வீடுகளுக்குப் பேர்போனது. அங்கே அவர்கள் சாலையில் போவது உல்லாசத்துக்காக, இங்கே நாம் போவது பிழைப்புக்காக என்ற பேதம் இருப்பினும், வாங்கியவர்களின் மனக்குறை மட்டும் இரு தேசங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது. அடிச்சட்டம் ஒரு கம்பெனி, குளிர்சாதனம் ஒரு கம்பெனி, மேற்கட்டு மற்றொரு கம்பெனி என்று பலர் கைபட்டு உருவான வண்டியில் ஒரு கீல் விட்டுப்போனால், பாகத்தைச் செய்தவர் பொருத்தியவரையும், பொருத்தியவர் பாகத்தைச் செய்தவரையும் காட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். உத்தரவாதங்களை ஒழுங்குபடுத்த 1975-லேயே மாக்னுசன்–மாஸ் சட்டம் அந்நாட்டில் பிறந்துவிட்டது. ஆனாலும் பழுதான புது வாகனத்துக்கு மாற்று கேட்க வழிசெய்யும் மாநிலச் சட்டங்களுள் பல, இழுத்துச் செல்லும் வண்டி வீடுகளையும், வண்டியில் குடியிருக்கும் பகுதியையும் தம் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டன. 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அந்நாட்டு அரசாங்கம் வழங்கிய இழுவை வீடுகளில், மலிவான மரப்பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்து, உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலும் உண்டான விவகாரம் அப்போது பெரிதும் பேசப்பட்டது. கேபினுக்குப் பின்னால் பிளைவுட் அறை கட்டி ஆள் படுக்கவைக்கும் நம்மவர்களும் அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். லாரியின் அடிச்சட்டமாகிய சேசிஸை ஒரு பெரிய கம்பெனியின் முகவரிடம் வாங்குகிறோம். அதைத் தற்காலிகப் பதிவோடு நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ கரூருக்கோ கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டு, மேற்கட்டாகிய பாடியைக் கட்டுகிறோம். கட்டி முடிந்தபின் கும்பகோணம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டி.என். 68 என்று எண் வாங்குகிறோம். இந்த மூன்று படிகளிலும் தனித்தனிக் காகிதம், தனித்தனிப் பொறுப்பு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால், மோட்டார் வாகனம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில், பாடி பூட்டப்படாத சேசிஸும் டிரெய்லரும் வெளிப்படையாகவே அடங்கியிருப்பதைக் காணலாம். ஆகவே சேசிஸ் வாங்கிய நாளிலேயே நீங்கள் ஒரு முழு வாகனத்தின் சொந்தக்காரர். அதன் உத்தரவாதக் காலமும் பெரும்பாலும் அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. பட்டறையில் அது வெயிலிலும் மழையிலும் நின்ற வாரங்களும் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன. பாடிக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டால், "நம்ம வேலைக்கு நாமதான் சார் கேரண்டி" என்று பட்டறைக்காரர் நெஞ்சைத் தட்டிச் சொல்வாரே தவிர, எழுதிக் கொடுப்பவர் சிலரே.

எனக்குத் தெரிந்த சகோதரர் இருவர், இப்படிக் கட்டிய லாரியில் தை மூன்றாம் வாரம் மிஷினை இறக்கும்போது ரேம்பின் கீல் விரிசல் விட்டுவிட்டது. பட்டறைக்குப் போன் செய்தார்கள். "அண்ணே, சேசிஸே முறுக்குது, கீல் என்ன பண்ணும்? கம்பெனியில கேளுங்க" என்று பதில் வந்தது. கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலோ, "இது வெளியில கட்டின பாடி, வாரண்டியில வராது தம்பி" என்று ஜாப் கார்டுகூடப் போடாமல் திருப்பியனுப்பிவிட்டார்கள். உள்ளூர் வெல்டிங் கடையில் ஒட்டுப்போட்டு அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். அந்த ஒட்டே பிற்பாடு அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. வேறொருவர் கைவைத்த வேலைக்குத் தாம் பொறுப்பல்ல என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது முழுக்கத் தவறு என்றும் சொல்வதற்கில்லை.

வாங்குவதற்கு முன் ஏற்கெனவே வாங்கியவர்களை விசாரிப்பது நல்ல வழக்கந்தான். ஆனால் அந்த விசாரணையை நாம் செய்யும் விதம் சரியாக இல்லை. புது வண்டியைப் பூஜை போட்டு எடுத்து வந்த மாதத்தில், அதைப்பற்றி ஒருவர் சொல்லும் திருப்திக்கு ஏறக்குறைய மதிப்பே கிடையாது. கொடுத்த பணம் பெரிதாக இருக்கும்போது, அதை வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் எளிதில் இடங்கொடுப்பதில்லை. அன்றியும், ஆள் பிடித்துக் கொடுத்தால் பட்டறையிலும் முகவரிடத்திலும் ஏதோ ஒரு பலன் கிடைக்கும் என்ற சபலமும் சிலரிடம் உண்டு. இரண்டு சம்பா அறுவடை கண்ட வண்டிக்காரரையே தேடிப் பிடிக்க வேண்டும். அவரையும் ஆடி மாதத்து ஓய்வில் திண்ணையில் உட்கார்ந்து விசாரிக்காமல், வேலை நடக்கும் களத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வண்டி எப்படி என்று பொதுவாகக் கேட்டால் நன்றாயிருக்கிறது என்ற ஒரே பதில்தான் வரும். முதலில் உடைந்தது எது, அதனால் எத்தனை நாள் வண்டி நின்றது, பழுது பார்த்த செலவு யார் கையிலிருந்து போயிற்று, அதே பட்டறையில் மறுபடி கட்டுவீர்களா என்று நான்கு கேள்விகளைக் கேட்டால் உண்மை தானே வெளிவரும். கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒரு பதில்தான்.

மிஷினைப் பொறுத்தவரை இதைவிடத் திடமான ஆதாரம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும், ஆந்திரத்து அனந்தபுரம் மாவட்டத்துக் கார்லதின்னெயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. அறுவடை இயந்திரங்களை அவை வயலில் ஓட்டிப் பார்த்து, தானிய சேதம், எரிபொருள் செலவு, உடைந்த பாகங்கள் ஆகியவற்றையெல்லாம் அறிக்கையாக எழுதுகின்றன. வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்பவர்கள், வாங்கப்போகும் மாடலின் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். வண்ணப் படம் போட்ட விளம்பரத் தாளைவிட அதன் கடைசிப் பக்கங்கள் பயன் மிகுந்தவை.

மேற்கட்டுக்கும் நியதிகள் இல்லாமற் போகவில்லை. பஸ்ஸின் மேற்கட்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரியின் மேற்கட்டுக்கு ஏ.ஐ.எஸ். 093, கேரளம் 2021 முதல் ஊக்குவித்துவரும் உல்லாசக் காரவான்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தேசிய நியதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை ஸ்தாபனங்கள் அவற்றின்படி வடிவங்களுக்கு அங்கீகாரம் அளிக்கின்றன. பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த அங்கீகாரத்தின் பிரதியைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபித்துக்கொள்ளும் பட்டறையை விட்டு விலகுவது விவேகம். மிஷின் ஏற்றுவதற்கென்று பின்னால் நீட்டியும், பக்கத்தில் அகட்டியும், மேலே படுக்கை வைத்தும் தம் இஷ்டப்படி கட்டிக்கொள்வதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியை அனுமதியின்றி மாற்றிய சொந்தக்காரருக்கு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமிக்குத் தைப்பூசத்தில் தேரோட்டம் நடக்கும். எந்தக் கோயிலிலும் புதிதாகச் செய்த தேரில் உடனே சுவாமியை எழுந்தருளச் செய்யும் சம்பிரதாயம் கிடையாது. வெறுந்தேரை வெள்ளோட்டம் விட்டு, அச்சும் சக்கரமும் எங்கே முனகுகின்றன என்று பார்த்துத் திருத்திய பிறகே உற்சவம். பட்டறை வாசலில் மாலை போட்டுச் சாவி வாங்கும் நாளை நாம் உற்சவமாகவே கொண்டாடிவிடுகிறோம். வெள்ளோட்டம் நடப்பதே இல்லை.

ஆகவே பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்வர வேண்டும். பெயிண்டும் பட்டியும் ஏறிவிட்டால் பிறகு கண்ணுக்குத் தெரிவது பளபளப்பு மாத்திரமே. தார்ப்பாயை விரித்து வண்டியின் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பாடியைச் சேசிஸோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா, சேசிஸுக்கும் பாடிக்கும் இடையில் அதிர்ச்சி தாங்குவதற்கு வைத்த மரமோ ரப்பரோ முழு நீளத்துக்கும் ஓடுகிறதா, சேசிஸில் கம்பெனி துளைத்த துளைகளைத் தவிர பட்டறைக்காரர் புதிதாகத் துளைத்தோ வெல்டிங் வைத்தோ இருக்கிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். சேசிஸில் துளை போட்டுவிட்டால் கம்பெனியின் உத்தரவாதம் போயிற்று என்பதை உத்தரவாதப் புத்தகத்திலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். பிறகு குறுக்குச் சட்டங்கள் சேருமிடங்களைப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சீராக மீன்செதில்போல் அடுக்கடுக்காக ஓடினால் அது முழு வெல்டிங். இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக வைத்து, நடுவில் பட்டி நிரப்பியிருந்தால் அது முதல் வரப்பிலேயே விட்டுவிடும். ஐயம் வந்த இடத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். இரும்பு கணீரென்று பேசும், பட்டி பொத்தென்று பேசும். ரேம்பின் கீல் பெறும் பாரந்தான் இவ்வண்டியில் எல்லாவற்றிலும் கொடியது. மிஷினின் முழு எடையும், பெல்ட் ரேம்பில் கால்வைக்கும் அந்தச் சில கணங்களில், ஒரு சாண் அகலத்து இரும்பின்மேல் வந்து விழுகிறது. அந்தக் கீலின் முள்ளுக்கு எத்தனை மில்லிமீட்டர் கம்பி, தரைக்கு எத்தனை மில்லிமீட்டர் செக்கர் பிளேட் என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்கியிருந்தால்தான் இப்போது அளந்து பார்த்துக் கேட்க முடியும். ஹெவி மெட்டீரியல், ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்று எழுதிய கொட்டேஷனை எந்தக் கோர்ட்டிலும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது.

வண்டியை எடுத்ததும் வீட்டுக்கு வராமல் நேரே எடைமேடைக்கு ஓட்டுங்கள். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் அது இல்லாத ஊர் நம் டெல்டாவில் ஏது? வெற்று வண்டியின் எடைச் சீட்டு மிகச் சிறிய செலவில் கிடைக்கும் ஒரு பெரிய சாட்சி. பதிவுப் புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடையிலிருந்து இதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய பாரம். பாடி கட்டியவர் தாராளமாக இரும்பைப் போட்டுவிட்டார் என்று சந்தோஷப்படுகிறவர்கள், அந்த இரும்பு மிஷினுக்குரிய இடத்தைத் தின்றுவிட்டதை, செக்போஸ்ட்டில் நிற்கும்போதுதான் உணர்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி அதிகப் பாரத்துக்கு அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய்.

சட்டத்தின் நிலையை இனிப் பார்ப்போம். பாடி கட்டுவது ஒரு வேலையா, விற்பனையா என்ற கேள்வி வெகுகாலத்துக்கு முன்பே எழுந்தது. ஒரிசா அரசாங்கம் கொடுத்த சேசிஸ்களில் பஸ் பாடி கட்டித் தந்த பட்நாயக் கம்பெனி, தான் செய்தது வேலை ஒப்பந்தமே, விற்பனை அன்று, ஆகையால் விற்பனை வரி கிடையாது என்று வாதாடியது. அது விற்பனையே என்று உச்ச நீதிமன்றம் 1965-ல் தீர்த்தது. வரி வழக்கில் பிறந்த இத்தீர்ப்பால் வாங்குபவருக்கு ஒரு மறைமுக அனுகூலம் உண்டு. விற்பனை என்று ஆனபின், 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் வந்து சேருகிறது. என்ன காரியத்துக்காக வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அந்தப் பொருள் உதவ வேண்டும் என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாக அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு கொள்கிறது. ஆதலால், இன்ன மாடல் பெல்ட் மிஷின், இவ்வளவு எடை, அதை ஏற்றி இறக்கவே இந்த லாரி என்ற ஒரு வரி ஆர்டர் படிவத்தில் இருக்கட்டும். அதே பிரிவில் வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பொருளைப் பார்வையிட்டு வாங்கியவர், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிற்பாடு கிளப்ப முடியாது. டெலிவரி சீட்டில் "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே கண்ட குறைகளை உங்கள் கையால் எழுதி, அவற்றுக்குட்பட்டே பெறுகிறேன் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடுவதைத் தடுப்பவர் யாருமில்லை. நம் கூச்சந்தான் தடுக்கிறது.

நுகர்வோர் மன்றத்தின் கதவைத் தட்ட எண்ணும்போது, சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு முதலில் குறுக்கே நிற்பது, இவர் நுகர்வோர்தானா என்ற ஆட்சேபம். வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழிலின் மூலம் தம் ஜீவனத்துக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதற்கு இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, கோயம்புத்தூரைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. நிலையத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் அளித்ததாகும். அவ்வழக்கில் வாங்கியவர் தோற்றார். எனினும், கார் வாங்கித் தாமே டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே, துணைக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் அத்தகையவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று அத்தீர்ப்பு விளக்கியது. முழுக்க முழுக்கப் பிறரை வைத்து ஓட்டுபவர் அவ்வரம்பில் வரமாட்டார். அண்ணன் லாரியும் தம்பி மிஷினும் ஓட்டும் குடும்பத்துக்கு இது கைகொடுக்கும். நான்கு மிஷின் வைத்துச் சம்பள ஆள் போட்டிருப்பவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முதல் வகையைச் சேர்ந்தவர்கள், ஜீவனத்துக்காகத் தாமே ஓட்டும் வண்டி என்ற வாசகத்தைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். அதை எழுத மறந்து, நியாயம் இருந்தும் வாசலிலேயே திரும்பிய வழக்குகள் உண்டு.

எதைக் கேட்கலாம் என்பதிலும் பலருக்குத் தெளிவு இல்லை. வண்டியில் ஒரு குறை கண்டால் புது வண்டியே தர வேண்டும் என்று கேட்பது நடைமுறையில் எடுபடாது. மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் சுசீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் இடையிலான வழக்கில், உத்தரவாத ஷரத்து பழுதான பாகத்தைச் சீர்செய்யவோ மாற்றவோதான் கட்டுப்படுத்துகிறது, முழு வாகனத்தையும் மாற்ற அன்று என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் கூறியது. அடிப்படைத் தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்க முடிந்தால் நிலைமை வேறு. ஃபியட் கம்பெனிக்கு எதிராக அனந்தராம் என்பவர் தொடுத்த வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் அத்தகைய குறையைக் கண்டால் விலையைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிலையை 2010-ல் அந்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், வழக்கின் உயிர்நாடி வக்கீலின் வாக்குவன்மையில் இல்லை, நிபுணரின் அறிக்கையில் இருக்கிறது என்பது விளங்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்கீழ் நுகர்வோர் ஆணையமே பொருளைத் தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்பக் கூடும். அதைக் கேட்டு மனுப்போட வேண்டியது நம் பொறுப்பு. அதற்கு முன்பே உள்ளூரில் ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அறுவடை நின்றுவிடுமே என்ற அவசரம் நியாயமானதுதான். ஒட்டுப்போடுவது தவிர்க்க முடியாததானால், விரிந்த கீலைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, பட்டறைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அறிவித்து, உடைந்த துண்டைச் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் போட்டுவைத்துவிட்டுப் பிறகு ஒட்டுப்போடுங்கள்.

எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது? மூவரையும் சேர்க்க வேண்டும்: சேசிஸ் செய்த கம்பெனி, விற்ற முகவர், பாடி கட்டிய பட்டறை. முகவர் பழைய மாடலைப் புதிதென்று விற்ற ஒரு வழக்கில், அதற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று டாடா மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. ஒருவர் குற்றத்துக்கு மற்றவர் தாமாகவே பொறுப்பாவதில்லை. ஆகவே ஒருவரை மட்டும் இழுத்துவிட்டு, குற்றம் மற்றவருடையது என்று தீர்மானமானால் வந்தவழியே திரும்ப நேரும். மூவரும் ஒரே மண்டபத்தில் நிற்கும்போது, ஒருவரையொருவர் கைகாட்டும் அந்தப் பழைய வித்தையே நமக்குச் சாட்சியமாகிவிடுகிறது.

புகாரை நாமக்கல்லுக்கோ சென்னைக்கோ போய்க் கொடுக்க வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019-ஆம் வருஷத்துச் சட்டம் கொண்டுவந்த பெரிய சௌகரியம். நம்மவர்களுக்குத் தஞ்சாவூரிலுள்ள மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு அங்கேதான். கட்டணமும் அற்பமே: 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. வசதியற்றவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 2025 தொடக்கம் முதல் இ-ஜாக்ரிதி என்ற மின்தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் வசதி இருக்கிறது. அதற்கும் முன்பாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தால், சில சமயங்களில் பெரிய கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவதுண்டு. பட்டறைகளிடத்தில் அந்த மருந்து அவ்வளவாக வேலை செய்வதில்லை. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள்ளோ, கெடு இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதும் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். பில் வேண்டாம், வரியில் குறைத்துக்கொள்ளலாம் என்ற ஆசைக்கு இணங்கியவர்களுக்கு இந்த ஆயுதம் இல்லாமற் போகிறது.

காப்பீட்டு விஷயத்தில் இரண்டு சொற்கள். பாலிசி பெரும்பாலும் சேசிஸ் வாங்கும்போதே போடப்படுகிறது. பாடி கட்டியபின் அதன் விலையையும் சேர்த்து மதிப்பை உயர்த்தி எழுதாவிட்டால், விபத்தில் பாடிக்கு நஷ்டஈடு கிடைப்பது துர்லபம். டிராக்டரின் பின்னால் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அதையும் பாலிசியில் தனியே குறிப்பிடச் செய்ய வேண்டும். அடுத்தது மனித உயிர் சம்பந்தப்பட்டது. சரக்கு வண்டியில் கூலியின்றி ஏற்றிச் செல்லப்படும் பிரயாணிகளுக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்த்துவிட்டது. வயலிலிருந்து வயலுக்குப் போகையில், மிஷினின் மேலும் ரேம்பின் விளிம்பிலும் நான்கு பேரைத் தொற்றவைத்துக்கொண்டு போகும் நம் வழக்கத்தில், ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் நஷ்டஈடு முழுவதும் சொந்தக்காரரின் நிலத்தின்மேல் வந்து நிற்கும்.

நுகர்வோர் வழக்குக்குத் திரும்பினால், மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக எதிர்தரப்புக்கு 45 நாள் அவகாசம். அப்படிப் போகிறவர் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. புகார் கொடுப்பதற்கான கெடுவோ, விவகாரம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். பட்டறைக்காரர் ஒவ்வொரு முறையும் "அடுத்த சீசனுக்குள்ள பண்ணிக் கொடுத்துடறேன் அண்ணே" என்று சொல்லும் வாய்மொழி இந்தக் கெடுவை நீட்டாது. தை மாதம் விட்ட கீலுக்கு, மாசியில் களம் ஒழிந்ததும் உட்கார்ந்து புகாரை எழுதி, எடைச் சீட்டையும், கொட்டேஷனையும், ஜாப் கார்டுகளையும், தபால் ரசீதுகளையும் அதனோடு கோர்த்து அனுப்பிவிட்டால், குறுவைக்கு நாற்று விடுவதற்குள் எதிர்தரப்பின் கைக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்கும்.